‘எல் அல்ல, ஒன்று’: நீங்கள் விற்ற பெயர் பற்றிய புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர்,
பெயர்த் தேர்வு மற்றும் டொமைன் பதிவுப் பிரிவு.

பொருள்: ‘முழுமையான பெயர்த் தொகுப்பு’ சேவையில் நேர்ந்த குறைகள், டொமைன் உரிமையை என் பெயருக்கு மாற்றித் தரவும் கட்டணத்தைத் திருப்பித் தரவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் பழைய மைப் பேனாக்களைப் பழுதுபார்த்து விற்பவன். வளைந்த நிப்பை நிமிர்த்துவது, காய்ந்துபோன மையைக் கழுவி எடுப்பது, உள்ளே இருக்கும் ரப்பர் பையை மாற்றுவது என் வேலை. பதினோரு மாதங்களுக்கு முன் இணையத்தில் கடை திறக்க எண்ணி உங்கள் ‘முழுமையான பெயர்த் தொகுப்பை’ வாங்கினேன். பெயர் தேர்ந்தெடுத்துத் தருவது, வர்த்தக முத்திரைச் சோதனை செய்வது, டொமைன் எனப்படும் இணைய முகவரியைப் பதிந்து தருவது என மூன்று வேலைகளுக்குச் சேர்த்துப் பணம் கட்டினேன். உங்கள் சேவைப் பிரிவுக்கு நான்கு மின்னஞ்சல்கள் அனுப்பினேன். நான்கிற்கும் ஒரே அச்சில் வார்த்த பதில்தான் கிடைத்தது. அதனால் இந்த முறை விரிவாகவே எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘மைத்துளி’ என்று நீங்கள் தந்த பெயர் எனக்குப் பிடித்திருந்தது. இன்றும் பிடித்திருக்கிறது. சிறிய சொல், தொழிலோடு ஒட்டிய சொல், யாரும் ஒரு முறை கேட்டாலே மனத்தில் நிற்கும் சொல். அந்தச் சொல்லை ரோமன் எழுத்துக்குக் கொண்டுபோன இடத்தில்தான் எல்லாம் கெட்டது.

தமிழ்ச் சொல் ஒன்றை ரோமன் எழுத்தில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள் என்பது பெயர் விற்கும் உங்களுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. ‘மை’ என்பதை எம்-ஏ-ஐ என்பார் ஒருவர், எம்-ஒய் என்பார் மற்றவர், எம்-இ-ஐ என்பார் மூன்றாமவர். ‘த்து’வுக்கு ஒரு டி-எச் போதும் என்று சிலரும், முன்னால் இன்னொரு டி வேண்டும் என்று சிலரும் நினைப்பார்கள். கடைசியில் வரும் ‘ளி’க்கு ஐ, ஒய், இரட்டை ஈ என்று மூன்று வால்கள். பெருக்கிப் பாருங்கள், 18 வடிவங்கள் வந்துவிடும். வாடிக்கையாளர் எதைத் தட்டுவார் என்று நாலு பேரிடம் கேட்டிருந்தாலே இது புரிந்திருக்கும். உங்கள் ஊழியரோ, “எம்-ஒய் என்று எழுதினால் ஆங்கிலத்தில் ‘என்னுடைய’ என்ற பொருளும் கிடைக்கும்” என்று பூரித்தார். அந்த எழுத்துக்கூட்டலை ஏற்கெனவே வேறொருவர் பதிந்துவிட்டார் என்று தெரிந்ததும், நடுவில் ஒரு சிறு கோட்டைச் செருகி, ‘எல்’ எழுத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 1 என்ற எண்ணைப் போட்டுப் பதிந்துவிட்டார். எழுதிப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரியும் என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார்.

எழுதிப் பார்த்தார், சரி. சொல்லிப் பார்த்தாரா? என் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். தொலைபேசியில்தான் முகவரி கேட்பார்கள். சென்ற மாதம் நடந்த ஓர் உரையாடலை அப்படியே தருகிறேன்.

“எம், ஒய், ஒரு சிறு கோடு, டி, எச், யூ…”
“அப்புறம் எல், ஐ தானே?”
“எல் அல்ல, ஒன்று.”
“ஒரு எல் தானே? போட்டுவிட்டேன்.”
“எல் இல்லை ஐயா, எண் ஒன்று.”
“எல் இல்லையா? சரி, அழித்துவிட்டேன்.”
“அந்த இடத்தில் ஒன்று போடுங்கள்.”
“எதை ஒன்று போடுவது?”

அவர் கடைசி வரை என் கடைக்கு வந்து சேரவில்லை. இன்னொருவர் ‘ஒன்று’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லையே எழுத்துக்கூட்டித் தட்டியிருக்கிறார். தேடுபொறியில் ‘மைத்துளி’யின் ரோமன் வடிவத்தைத் தட்டினால், ‘மைதிலி’யைத் தேடுகிறீர்களா என்று அது பணிவோடு கேட்கிறது. மைதிலி யாரோ, பேனா விற்கிறவர் அல்லர்.

காதுக்குத் தேர்வு வைக்காத பெயர் என்ன ஆகும் என்பது உங்கள் தொழிலில் பழைய கதைதான். அமேசானுக்கு 1994-இல் முதலில் வைத்த பெயர் ‘கடாப்ரா’. வழக்கறிஞர் ஒருவரின் காதில் அது ‘கடேவர்’, அதாவது பிணம் என்று விழுந்தது. பெயரை மாற்றினார்கள். அவர்களுக்கு ஒரு காது போதுமானதாக இருந்தது. எனக்காக நீங்கள் ஒரு காதையும் கேட்கவில்லை.

அடுத்தது வர்த்தக முத்திரைச் சோதனை. ‘சோதனை முடிந்தது, தடையில்லை’ என்று பச்சை எழுத்தில் ஓர் அறிக்கை தந்தீர்கள். அதைப் பொறுமையாகப் படித்துப் பார்த்தேன். டொமைன் காலியாக இருக்கிறதா என்று பார்த்த விவரம் மட்டும்தான் அதில் இருக்கிறது. டொமைன் காலியாக இருப்பது வேறு, அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமை வேறு. எண்ணும் கோடும் இல்லாத நேரான முகவரியை வைத்திருப்பவர் கையெழுத்துப் பயிற்சி ஏடுகள் விற்கிறார். பெயரை வர்த்தக முத்திரையாகவும் பதிந்திருக்கிறார். முத்திரைப் பதிவுக்காகப் பொருள்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரிக்கும் நீஸ் வகைப்பாட்டில் ஏடும் பேனாவும் ஒரே 16-ஆம் வகுப்பில் வருகின்றன. முத்திரைப் பதிவேட்டில் அந்த ஒரு வகுப்பைத் திறந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

இதற்குள் எனக்கு வரவேண்டிய 11 மின்னஞ்சல்கள் அவருக்குப் போயிருக்கின்றன. நல்ல மனிதர். ஒவ்வொன்றையும் எனக்கு அனுப்பிவைத்தார். கடைசியாக அனுப்பியதன் அடியில், “அடுத்த கடிதம் என் வழக்கறிஞரிடமிருந்து வரும்” என்று ஒரு வரி சேர்த்திருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டொமைன் அமைப்பை மேற்பார்வையிடும் ஐகான் 1999-இல் கொண்டுவந்த தகராறுத் தீர்வுக் கொள்கையின்படி, முத்திரைக்குக் குழப்பம் தரும் அளவு ஒத்த முகவரி, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லாமை, கெட்ட எண்ணத்தோடு பதிந்து பயன்படுத்துதல் ஆகிய மூன்றையும் காட்டினால் முகவரியைப் பறித்துக்கொள்ளலாம். ‘எல்’ இருந்த இடத்தில் 1 போடுவது இணைய ஏமாற்றுக்காரர்களின் கைவந்த கலை. எனக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று நான் சொல்லலாம். பார்ப்பவர்கள் நம்ப வேண்டுமே. ஏற்கெனவே இரண்டு வாடிக்கையாளர்கள், இது போலித் தளம் என்று பயந்து பணம் கட்டாமல் திரும்பிவிட்டார்கள்.

இதையெல்லாம் சுருக்கமாக எழுதியபோது நீங்கள் தந்த ‘தீர்வு’ இருக்கிறதே, அதற்குத் தனியாக ஒரு புகார் எழுதலாம். கூடுதல் கட்டணம் கட்டினால் எல்-ஒய் என்று முடியும் முகவரியாக மாற்றித் தருவீர்களாம். புள்ளிக்கு முன்னால் ‘மைத்து’, பின்னால் ‘ளி’. பார்க்க அழகுதான். ஆனால் புள்ளிக்குப் பின்னால் வரும் இரண்டெழுத்து வால்கள் பெரும்பாலும் ஒரு நாட்டுக்கோ ஆட்சிப்பகுதிக்கோ உரியவை. எல்-ஒய் லிபியாவுடையது. 2010-இல், நீண்ட இணைய முகவரிகளைச் சுருக்கித் தரும் விபி.எல்ஒய் என்ற சேவையை, தன் நாட்டுச் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று லிபியப் பதிவகம் ஒரேயடியாக நிறுத்திவிட்டது. பேனா விற்பதால் எனக்கு அந்த ஆபத்து வராது என்றே வைத்துக்கொள்வோம். பழக்கமில்லாத வாலை மக்கள் தட்டுவார்களா? ஓவர்ஸ்டாக் என்ற பெரிய இணைய விற்பனை நிறுவனம் 2011-இல் தன்னை ஓ.கோ என்று சுருக்கிக்கொண்டு விளம்பரமும் செய்தது. மக்கள் பலர் ஓ.காம் என்று தட்டிவிட்டு வழிதவறினார்கள். பழைய பெயருக்கே அது திரும்பியது. அவர்கள் தாங்கிக்கொண்டார்கள், என்னால் முடியாது.

தமிழ் எழுத்திலேயே டொமைன் பதியலாம் என்பதை நீங்கள் ஒரு முறையாவது சொல்லியிருக்கலாம். உள்ளே அது எக்ஸ்-என் என்று தொடங்கும் சங்கேதமாக மாறிவிடும், பார்ப்பவர் கண்ணுக்கு ‘மைத்துளி’ என்றே தெரியும். மின்னஞ்சலுக்கு எல்லா இடத்திலும் ஒத்துவராது, ஆகையால் அது ஒன்றை மட்டும் நம்பிக் கடை நடத்த முடியாது. தமிழில் தேடுபவருக்கு இரண்டாவது வாசலாக இருந்திருக்கும். அதில் 18 எழுத்துக்கூட்டல் கிடையாது.

இனி, என்னைத் தூங்கவிடாத விஷயம். இரண்டு வாரங்களுக்கு முன் பதிவு விவரங்களை எடுத்துப் பார்த்தேன். டொமைனின் உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. தொடர்பு மின்னஞ்சலும் உங்களுடையது. பணம் கட்டியவன் நான், 600 அட்டைப்பெட்டிகளில் அந்த முகவரியை அச்சடித்தவன் நான், ஆனால் ஏட்டில் நான் இல்லை. இன்னும் ஒரு மாதத்தில் பதிவுக் காலம் முடிகிறது. புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் உங்களுக்குத்தான் வரும். வேறு பதிவாளரிடம், அதாவது டொமைன் பதியும் வேறு நிறுவனத்திடம், மாற்றிக்கொள்ளத் தேவையான குறியீட்டைக் கேட்டால், முதலாண்டுக் கட்டணத்தைப் போல் மூன்று மடங்கைப் ‘புதுப்பிப்புக் கட்டணமாக’க் கட்டிய பிறகே தருவோம் என்கிறீர்கள். காம் போன்ற பொது டொமைன்களில் உரிமையாளர் கேட்ட ஐந்து நாள்களுக்குள் அந்தக் குறியீட்டைத் தர வேண்டும் என்பது ஐகான் விதி. நான் உரிமையாளராகவே பதியப்படவில்லை என்பதால் விதி எனக்குப் பொருந்தாது என்று நீங்கள் வாதிடக்கூடும். அந்த நிலையை உண்டாக்கியது யார் என்று அப்போது கேட்பேன்.

கோணலான முகவரியை ஏன் இன்னும் கேட்கிறாய் என்று நீங்கள் கேட்கலாம். பழைய வாடிக்கையாளர்கள் அட்டைப்பெட்டியைப் பார்த்து வருவார்கள். வேறு பெயருக்கு நான் குடிபோகும் வரை, வருபவர்களைப் புது வாசலுக்குத் திருப்பிவிட அது என் கையில் இருக்க வேண்டும். அதன் பிறகு, ஏட்டு வணிகர் கேட்டால் அவருக்கே கொடுத்துவிடுவேன். அவருடன் பேசியும்விட்டேன்.

ஆகவே இந்தக் கடிதம் கிடைத்த ஐந்து நாள்களுக்குள் டொமைன் உரிமையாளராக என் பெயரைப் பதிந்து, மாற்றக் குறியீட்டையும் அனுப்ப வேண்டும். செய்யாத முத்திரைச் சோதனைக்கான கட்டணத்தை முழுவதுமாகவும், பெயர்த் தேர்வுக் கட்டணத்தில் பாதியையும் திருப்பித் தர வேண்டும். பாதி என்று நான் கேட்பது ‘மைத்துளி’ என்ற சொல்லுக்கு நான் தரும் மரியாதை. தவறினால், நீங்கள் யார் வழியாக டொமைன் பதிகிறீர்களோ அந்தப் பதிவாளரிடமும் ஐகானிடமும் எல்லா மின்னஞ்சல் நகல்களோடும் முறையிடுவேன்.

பதிலை என் பழைய மின்னஞ்சல் முகவரிக்கே அனுப்புங்கள். நீங்கள் எனக்கு எழுதிய மூன்றாவது பதிலும் ஏட்டு வணிகருக்குத்தான் போயிருந்தது. உங்கள் ஊழியரும் ‘எல்’ என்றே தட்டியிருக்கிறார்.

இப்படிக்கு,
‘மைத்துளி’ பேனாக் கடைக்காரன்