லீவுக்குப் போகிறோம் என்று மட்டும் சொல்லாதே

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேற்று போனில் நீ படித்துக் காட்டிய பட்டியலில் குக்கர் கேஸ்கட் வரைக்கும் இருந்தது. ஜெர்மனிக்கே குடிபோகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டால் மட்டும், "அவங்களுக்கு என்னக்கா தெரியப்போகுது, டூர் போறோம்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்கிறாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நாங்களும் அதைத்தான் செய்தோம். பெரியவனுக்கு அப்போது ஐந்து வயது. கிளம்புகிற அவசரத்தில் இவன் அழுகை வேறயா என்று பயந்து, காலாண்டு லீவுக்கு ஜெர்மனி போறோம் என்று சொல்லிக் கூட்டிப்போனோம். துள்ளிக்கொண்டுதான் வந்தான். டிசம்பரில் ஒரு நாள், காலை ஏழு மணிக்கும் வெளியே கும்மிருட்டு, நம்ம கடலூர் மஞ்சக்குப்பம் பள்ளிக்கூடத்து யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு பெல்ட்டும் ஐடி கார்டுமாக வந்து வாசலில் நிற்கிறான். தன் பொம்மைப் பைக்குள் அவனே மடித்து வைத்து எடுத்து வந்திருக்கிறான், எங்களுக்குத் தெரியவே தெரியாது. "லீவு முடிஞ்சிருக்கும்மா, மிஸ் திட்டுவாங்க." அதற்கு என்ன பதில் சொல்வாய், சொல்லு.

அதனால் இப்போதே சொல்லிவிடு. இரண்டு மாதத்தில் கிளம்புகிறோம் என்றால் சின்னதுக்குப் புரியாது, பொங்கல் முடிந்ததும் என்றால் புரியும். அழட்டும், இங்கே அழுதால் தூக்கிக்கொள்ள நம்ம அம்மா, அவர்களுடைய ஆயா, இருக்கிறாள். சில்வர் பீச்சுக்குக் கூட்டிப்போ, பாடலீஸ்வரர் கோயிலுக்கும் போய் வா, கிளாஸில் எல்லாருக்கும் சாக்லேட் கொடுக்கச் சொல். ஆளுக்கொரு சின்னப் பெட்டி கொடுத்து அவர்கள் இஷ்டத்துக்கு அடுக்க விடு, உடைந்த காராக இருந்தாலும் வாயைத் திறக்காதே. சின்னதின் தலையணை உறையைத் துவைக்காமல் அப்படியே எடுத்துப் போ. அதற்கு வேண்டியது அந்த வாசனைதான்.

காகித விஷயம் கொஞ்சம் சொல்கிறேன். தடுப்பூசி அட்டையை டாக்டரிடம் கொடுத்து, தேதியோடு ஆங்கிலத்தில் தெளிவாக எழுதி முத்திரை வாங்கிவிடு. 2020 மார்ச்சிலிருந்து அங்கே தட்டம்மைச் சட்டம் இருக்கிறது, இரண்டு வயது ஆன பிள்ளைக்கு இரண்டு டோஸ் போட்டதற்கு அத்தாட்சி இல்லாமல் கிண்டர்கார்டனில் சேர்க்க மாட்டார்கள். பிறப்புச் சான்றிதழில் சின்னதின் பெயர் ஏறியிருக்கிறதா என்று பார், ஆஸ்பத்திரியில் பதிந்ததோடு விட்டுவிட்டு பெயர் சேர்க்க மறந்தவர்கள் நம் தெருவிலேயே நாலு பேர். அப்போஸ்டில் என்று, சான்றிதழ் வெளிநாட்டில் செல்வதற்கான அரசு முத்திரை, போட்டுத் தருகிறேன் என்று ஏஜெண்ட் காசு கேட்டால் கொடுக்காதே, இந்திய அப்போஸ்டிலை ஜெர்மனி ஏற்பதில்லை. தூதரகம் கேட்பதை மட்டும் தயார் செய். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருஷம்தான் செல்லும், பெரியவளுடையதை எடுத்துப் பார்த்துவிடு. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தானே குடும்பப் பெயர், அதனால் அங்கே ஸ்கூலில் உன்னையும் உன் வீட்டுக்காரர் பெயருக்கு முன்னால் ஃபிராவ், அதாவது திருமதி, போட்டுத்தான் கூப்பிடுவார்கள். சிரித்துவிடாதே, நான் சிரித்துவிட்டேன்.

அம்மா நெய் உருக்க ஆரம்பித்திருப்பாளே, நிறுத்தச் சொல். பாலில் செய்தது, கறியில் செய்தது எதையும் வெளியிலிருந்து வருகிறவர்கள் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகக் கூடாது, பால்கோவாவும் சேர்த்துத்தான். பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் போகாது. ஆனால் கருவாடு போகும்! மீன் வகை ஆளுக்கு இருபது கிலோ வரை விடுகிறார்கள். முதுநகர் நெத்திலிக் கருவாட்டை மூன்று கவர் போட்டு இறுக்கிக் கட்டு. நான் ஒரு கவரோடு விட்டு, அந்த வருஷக் குளிர் முழுக்க பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே இருந்தது. ஜெர்கின் எல்லாம் அங்கே போய் வாங்கிக்கொள், சென்னையில் வாங்கியது நவம்பருக்கே தாங்கவில்லை.

அப்புறம் ஆயாவோடு பேசுகிற நேரம். குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம், மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை மாற்றினால் மூன்றரை. அம்மாவுக்கு இதைப் புரியவைக்கவே முடியாது. அவள் ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட உட்காரும்போது நீ கூப்பிடுவதாக வைத்துக்கொள், பிள்ளைகளும் அந்நேரம் ஸ்கூல் விட்டு வந்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். அதற்குள் நீயே அவர்களிடம் சொல்லிவிடு, என் வாய் சும்மா இருக்காது என்று உனக்கே தெரியும்.

அக்கா