சேற்றைப் பற்றிக் கொஞ்சம், மற்றதும்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அத்தை வீட்டு விஷயம் அப்படியேதான் கிடக்கிறது, அதை விடு. நீ பேசி நாளாகிறது. ஐயோவாவில் இது பனி உருகும் சமயம், ஆற்றில் வேகம் அதிகம் என்று நீதான் சொன்னாய். தனியாக இறங்காதே.

போன வாரம் அரசலாற்றுப் பக்கம் போனேன். மேட்டூர் மூடியாயிற்று, அங்கங்கே குட்டையாகத் தண்ணீர் நிற்கிறது. நீ செய்து காட்டின மாதிரி குச்சியால் சேற்றைக் கீறிப் பார்த்தேன். மேலே செம்பழுப்பாக மெல்லிய ஏடு, சில மில்லிமீட்டர்தான் இருக்கும். அதற்கடியில் கன்னங்கரேல் என்று சேறு, அழுகிய முட்டை நாற்றம். ஆக்சிஜன் அந்த ஏட்டோடு நின்றுவிடுகிறது. கீழே உள்ள பாக்டீரியா சல்பேட்டை வைத்துச் சுவாசிப்பதால் வரும் சல்பைடு, இரும்போடு சேர்ந்து கறுக்கிறது. மேல் ஏட்டில் இருக்கும் இரும்புதான் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. அங்கேயும் ஆக்சிஜன் போய்விட்டால் இரும்பு கரைந்து பாஸ்பேட் தண்ணீருக்குத் திரும்பும். அதைத் தின்றுதான் ஆகாயத்தாமரை இப்படி மண்டுகிறது.

பள்ளிக்கூடத்தில் நான் காலமெல்லாம் வரைந்து காட்டியது ரைசோபியமும் வேர்முடிச்சும்தான். காற்றில் இருக்கும் நைட்ரஜன் மண்ணுக்கு வருவதைச் சொன்ன அளவு, அது திரும்பிப் போவதைச் சொன்னதில்லை. நீ சொல்லித்தான் மனதில் நின்றது. ஆக்சிஜன் தீர்ந்ததும், அரிசி தீர்ந்த வீட்டில் கேழ்வரகை எடுப்பது போல, சேற்றில் இருக்கும் சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை எடுத்துக்கொள்கின்றன. அது நைட்ரைட் ஆகி, நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஸ் ஆக்சைடு என்று மாறி, கடைசியில் வெறும் நைட்ரஜனாகக் காற்றில் கலக்கிறது. நைட்ரஸ் ஆக்சைடோடு நின்றுபோனால்தான் கெடுதல். நூறு வருஷக் கணக்கில் பார்த்தால், கார்பன் டை ஆக்சைடைப் போல 270 மடங்குக்கு மேல் சூடேற்றும். பாதியில் நிற்கிற எதுவும்...

அக்கா உன்னைப் பற்றி ஏதோ சொன்னாள். சரி, நான் கேட்கவில்லை.

உன் வேலை சின்ன வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதே. அங்கே மக்காச்சோள வயலில் போடும் உரம் நைட்ரேட்டாகி, வயலுக்கடியில் பதித்த குழாய் வழியாக ஆற்றுக்கு வந்து, மிசிசிப்பியில் சேர்ந்து மெக்சிகோ வளைகுடா வரை போகிறது. அதைத் தின்று பாசி மண்டி, செத்து அழுகும்போது கடலடியில் ஆக்சிஜன் தீர்கிறது. 2017-ல் அங்கே ஆக்சிஜன் குறைந்து கிடந்த பரப்பு 22,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். வழியிலேயே நைட்ரேட்டில் ஒரு பங்கைக் கழிப்பது நீ குழாய் செருகி எடுக்கிற அந்தச் சேறுதானே? குளிரில் அந்தப் பாக்டீரியாக்கள் மந்தமாகிவிடும், வசந்த மழையில் நைட்ரேட் அடித்துக்கொண்டு வரும்போது அவற்றுக்கு நேரமே கிடைக்காது என்று எவ்வளவு ஆசையாகச் சொன்னாய்! நம் கொள்ளிடத்தில் மணலை அள்ளுவதைப் பார்க்கும்போதெல்லாம் அது நினைவு வருகிறது. தண்ணீர் மணலுக்குள் மெல்ல ஊறிப் போனால்தான், பருக்கையில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாப் படலம் அதைத் தொட முடியும். லாரியில் ஏறுவது மணல் மட்டுமா? தெருவில் எல்லோரிடமும் என் பிள்ளை இதைத்தான் படிக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இத்தனையும் எனக்கு விளக்கின பிள்ளைக்கு, தன் கஷ்டத்தை ஒரு வரி சொல்ல மனம் வரவில்லையே. உன் வழிகாட்டி ஏதாவது சொன்னாரா? பணமா? உடம்பா? படிப்பை விட்டுவிட வேண்டும் என்று தோன்றினால் விடு, அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஆனால் எனக்குத் தெரியாமல் முடிவெடுக்காதே. அக்கா சொல்லித் தெரிந்துகொள்ளும்படி வைக்காதே.

வேளைக்குச் சாப்பிடு. சேற்றில் கை வைத்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடு. தனியாக ஆற்றில் இறங்காதே. ஞாயிற்றுக்கிழமை இங்கே இரவு எட்டு மணிக்கு, உனக்குக் காலையில், கூப்பிடு. அப்பா அப்போது கோயிலுக்குப் போயிருப்பார், நாம் இரண்டு பேரும் பேசலாம்.

அன்புடன்,
அம்மா