பெட்டிப் படத்தில் ஐஸ் போடலாம், வீட்டில் போட்டால் குற்றமா?

அனுப்புநர்
தபால் துறையில் பணி ஓய்வு பெற்ற உங்கள் வாடிக்கையாளர்,
திண்டுக்கல்.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

நாள்: 12.01.2026

பொருள்: 14.04.2025 அன்று வாங்கிய 600 வாட்ஸ் ஸ்மூத்தி பிளெண்டர் – ஜார் ஒழுகல், பாலில் கறுப்பு கிரீஸ், வாரண்டி மறுப்பு – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் மதுரை சேவை மையம் 29.12.2025 அன்று கொடுத்த அறிக்கையில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: "வாடிக்கையாளர் ஐஸ் பயன்படுத்தியுள்ளார், வாரண்டி பொருந்தாது."

ஐஸ் போட்டோம். இல்லையென்று நான் எங்குமே சொல்லவில்லை. உங்கள் பெட்டியின் நான்கு பக்கங்களில் மூன்றில் ஐஸ் கட்டி மிதக்கிற டம்ளர் படம். உள்ளே வைத்திருந்த செய்முறைப் புத்தகத்தில் 24 பானங்கள். அதில் 11 பானங்களுக்கு ஐஸ் போடச் சொல்கிறீர்கள். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 31 வருடம் தபால் ஆபீஸில் மற்றவர்கள் கொடுத்த புகார்களை வாங்கிப் பதிவு செய்தவள் நான். தேதியும் எண்ணும் இல்லாத புகார் எந்த ஃபைலுக்குள் போய்த் தூங்கும் என்று எனக்குத் தெரியும்.

என் அம்மாவுக்கு 81 வயது. பல் செட் ஈறில் நிற்பதில்லை என்று கழற்றி வைத்துவிட்டார். காலையில் ஊறவைத்த பாதாம், பேரீச்சை, ஒரு சிறுமலைப் பழம் சேர்த்து அடித்த பால். பதினோரு மணிக்கு மோர் விட்ட கம்பங்கூழ். சாயங்காலம் பப்பாளியோ பட்டர் ஃப்ரூட்டோ. இதையெல்லாம் 14 வருடமாக உழைக்கிற எங்கள் மிக்ஸியிலேயே அடித்திருக்கலாம்தான். ஆனால் சட்னி அரைத்த ஜாரின் மூடி ரப்பரில் ஏறிய பூண்டு வாசனை எத்தனை கழுவினாலும் போகாது, பால் ஊற்றியதும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் பானத்துக்கென்றே தனியாக ஒன்று வாங்கினேன். 1.5 லிட்டர் ஜார் ஒன்று, கவிழ்த்து மாட்டுகிற பாட்டில் இரண்டு, புத்தாண்டுத் தள்ளுபடி போக ரூ.4,299.

மூன்று மாதம் நன்றாகவே ஓடியது, அதையும் எழுதத்தான் வேண்டும். நத்தம் மாம்பழத்தை நார் நாக்கில் தட்டாமல் அடித்துக் கொடுத்தது. மே மாத விடுமுறைக்கு வந்த பேரன் ஐந்தாறு முறை ஐஸ் போட்டு மில்க் ஷேக் செய்தான். உங்கள் அறிக்கை சொல்கிற ஐஸ் மொத்தமே அவ்வளவுதான். அம்மாவுக்கு ஐஸ் ஆகாது, நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடம் திறக்கிறதென்று பேரன் ஊருக்குப் போய் இரண்டு மாதம் ஆகப் போகிற நேரத்தில், ஜூலைக் கடைசியில்தான் ஜாருக்கு அடியில் பால் ஒழுக ஆரம்பித்தது.

உங்கள் சேவை எண்ணில் பேசிய பெண், "கேஸ்கெட் சரியா உட்காரலை மேடம், திருப்பிப் போட்டுப் பாருங்க" என்றார். அந்த ரப்பர் வளையத்தைத் திருப்பிப் போட்டேன். 19 நாள் கழித்து நீங்கள் அனுப்பிய புது கேஸ்கெட்டையும் போட்டேன். நிற்கவில்லை. ஒரு ராத்திரி ஜாரில் தண்ணீர் நிரப்பிப் பேப்பர் மேல் வைத்துவிட்டுப் படுத்தேன். கேஸ்கெட் வழியே ஒழுகினால் ஓரத்தில் வளையமாக ஈரம் தெரிய வேண்டும். காலையில் பார்த்தால் நட்டநடுவில் ஒரு வட்டம், அதற்குள் கறுப்பாக ஒரு பொட்டு.

பஸ் ஸ்டாண்டு பக்கம் மிக்ஸி ரிப்பேர் பார்க்கிற தம்பியிடம் அந்தப் பேப்பரைக் காட்டினேன். "ஆயில் சீல் போயிருச்சும்மா. தண்ணி புஷ்ஷுக்குள்ள எறங்குது. கிரீஸைக் கழுவி விட்டுட்டு அப்புறம் புஷ்ஷு இறுகிக்கும். எரநூத்தம்பது ரூவா, பத்து நிமிஷத்துல மாத்திரலாம்" என்றார். பிளேடின் தண்டு சுற்றுகிற இடம்தான் புஷ், அதற்குள் தண்ணீர் இறங்காமல் தடுப்பது ஆயில் சீல். வெளியாட்கள் கழற்றினால் வாரண்டி ரத்து என்று உங்கள் அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே, அதனால் அவரை ஒரு திருகைக்கூடத் தொட விடாமல் திரும்பி வந்தேன். அந்த 250 ரூபாயைக் கொடுத்துத் தொலைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் சொன்னபடியே ஆயிற்று. அக்டோபர் 13 காலையில் அம்மா டம்ளரை நீட்டி, "என்னடி இது, பால்ல மை மாதிரி ஓடுது?" என்று கேட்டார். வெள்ளைப் பாலில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. பாலாக இருந்ததால் தெரிந்தது. அதற்கு முன்பு எத்தனை நாள் கம்பங்கூழோடு உள்ளே போயிற்றோ! அந்த நிறத்தில் யார் கண்ணுக்குத் தெரியும்? மோட்டார் போனால் பணத்தோடு போகும். இது வயிற்றுக்குள் போன விஷயம். அந்தக் கிரீஸ் உணவில் கலந்தாலும் கெடுதல் செய்யாத வகைதானா என்று 13.10, 21.10, 03.11 ஆகிய மூன்று நாளும் போன் செய்து கேட்டேன். மூன்று முறையும் புதுப்புதுப் புகார் எண் கிடைத்தது. பதில் கிடைக்கவில்லை.

மூன்றாவது முறை பேசியவர், "வெறும் தண்ணி ஊத்தி ரெண்டு தடவ ஓட்டிக் கழுவிடுங்க மேடம், சரியாயிடும்" என்றார். அதையும் செய்தேன். இரண்டாவது ஓட்டத்தில் ரப்பர் தீய்கிற நாற்றம். ஒரு முனகலோடு நின்றுவிட்டது. மோட்டாரை ஆற விட்டு, சுமை கூடி நின்றால் திரும்ப ஓட்டுவதற்கென்று அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தியும் பார்த்தேன், அசையவில்லை. ஜாரை எடுத்தால், மோட்டாரோடு அதை இணைக்கிற கப்ளரின் பல்லெல்லாம் உருகி வழவழவென்று இருக்கிறது. பிளேடைக் கையால் சுற்ற முடியவில்லை. அன்று உள்ளே இருந்தது ஐஸ் இல்லை, குழாய்த் தண்ணீர்.

திண்டுக்கல்லில் உங்களுக்குச் சேவை மையம் கிடையாது. 60 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு 08.11.2025 அன்று மதுரைக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே, "ஐஸ் போடுவீங்களாம்மா?" என்றார். "பேரன் வந்தப்ப போட்டான்" என்றேன். எழுதிக்கொண்டார். விசாரணை அத்தோடு முடிந்தது. ஈரம் பட்ட பேப்பரையும் பால் டம்ளரின் போட்டோவையும் நீட்டினேன், வாங்கக்கூட இல்லை. 51 நாள் வைத்திருந்துவிட்டு, மேலே சொன்ன ஒரு வரியையும் ரூ.1,850 செலவாகும் என்ற சீட்டையும் கொடுத்தார்கள்.

அந்த 51 நாளில் எனக்கு உங்கள் புத்தகத்தை நன்றாகப் படிக்க நேரம் கிடைத்தது. பிளெண்டரின் அடியில் ஒட்டிய லேபிள், தொடர்ந்து 1 நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்கிறது. புத்தகத்தின் 7ஆம் பக்கம் பாதாம் பாலுக்கு 3 நிமிடம் விடாமல் அடிக்கச் சொல்கிறது. இரண்டில் எதைக் கேட்டால் வாரண்டி நிலைக்கும்? இன்னொன்று. முதலில் பால், பிறகு பழம், கடைசியில் ஐஸ் என்று எல்லாப் பானத்துக்கும் ஒரே வரிசை கொடுத்திருக்கிறீர்கள். ஜாருக்கு அது சரி. பிளேடு அடியில் இருப்பதால் திரவம் முதலில் அதைச் சூழ்ந்துகொள்ளும், ஐஸ் மேலிருந்து மெல்ல இறங்கும். பாட்டிலைக் கவிழ்த்து அல்லவா மாட்டுகிறோம்? கடைசியாகப் போட்ட ஐஸ் நேராகப் பிளேடின் மேல் வந்து உட்காரும். ஐஸால்தான் இயந்திரம் கெடுகிறது என்று நீங்கள் உண்மையிலேயே நம்பினால், அதைக் கெடுக்கும் வழியை அச்சடித்துக் கொடுத்ததும் நீங்கள்தான். அப்புறம் அந்த முருங்கைக்கீரை சூப். சூடான சூப்பை மூடிய பாட்டிலில் அடித்தால் ஆவி எங்கே போகும்? பழைய மிக்ஸியில் வெந்த தக்காளியை ஆற விடாமல் அரைத்து, மூடி தெறித்துக் கையைச் சுட்டுக்கொண்டவள் என்பதால் நான் ஆற வைக்கிறேன். "ஆறியபின்" என்ற ஒரு சொல் உங்கள் புத்தகத்தில் இல்லை.

ஆகவே நான் கேட்பது: ரூ.4,299ஐத் திருப்பிக் கொடுங்கள், அல்லது மோட்டாரும் ஜாரும் சேர்த்துப் புதிதாகக் கொடுங்கள். பழுது பார்த்ததைத் திருப்பி அனுப்ப வேண்டாம். ஜாரில் என்ன கிரீஸ் போட்டிருக்கிறீர்கள், அது உணவில் சேரத் தக்கதா என்பதை எழுத்து மூலம் தெரிவியுங்கள். இந்தப் பதில் பணத்தைவிட முக்கியம், அம்மாவின் டாக்டரிடம் காட்ட வேண்டும். புத்தகத்தில் அந்த மூன்று இடங்களையும் திருத்துங்கள்.

இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், உங்கள் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணமும் கிடையாது.

பில், வாரண்டி அட்டை, சேவை மைய அறிக்கை ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். ஈரம் பட்ட அந்தப் பேப்பரின் அசல் என்னிடமே இருக்கும்.

இப்போதைக்கு அம்மாவுக்குப் பழைய மிக்ஸியில்தான் அடித்துக் கொடுக்கிறேன். வாழைப்பழப் பாலில் வத்தக்குழம்பு வாசனை வருகிறது என்று தினமும் சொல்லிவிட்டுத்தான் குடிக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
திண்டுக்கல்.