பிழைக் கொப்பி

கிளிநொச்சி
ஆவணி 5

அன்பு மகன் தம்பிக்கு,

போன ஞாயிறு நீ எடுத்தபோது ஆறுதலாகக் கதைக்க முடியவில்லை. வெட்டு மெசின் வாசலில் வந்து நின்றது, அப்பா கூப்பிட்டபடியே இருந்தார். இம்முறை இரணைமடுக் குளத்துத் தண்ணீர் ஒழுங்காக வந்ததால் சிறுபோகம் மோசமில்லை. சரி, அதை விடு. நீ சொன்னது இரண்டு நாளாக மனதில் கிடக்கிறது. போனில் சொன்னால் இடையில் அறுந்துபோகும் என்றுதான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு அன்ரியின் மகன் புதன்கிழமை அமெரிக்கா பறக்கிறான். மிளகாய்த்தூளோடு இதையும் கொடுத்துவிடுகிறேன், அங்கே இறங்கித் தபாலில் போடுவான்.

கலாநிதிப் படிப்புக்குப் போன உன்னை முதலாம் ஆண்டுக்காரருக்கு வகுப்பெடுக்கச் சொல்கிறார்கள். படிப்புக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் காசு தருகிறவர்கள் அதற்கு வேலை வாங்கத்தானே வேண்டும். பேராசிரியர் பெரிய மண்டபத்தில் விரிவுரை செய்ய, அந்தப் பிள்ளைகளில் இருபத்தைந்து பேரை நீ தனியே வைத்துக் கணக்குச் செய்விக்க வேண்டும் என்றாய். அதற்கு முன் ஒரு கிழமை பயிற்சி. அதில் ஒருநாள் பத்து நிமிடம் படிப்பித்துக் காட்ட, அதை வீடியோ எடுத்துப் போட்டுக் காட்டுவார்களாம். அதைச் சொல்லும்போதுதான் உன் குரல் இறங்கிப்போனது.

அது நுண்கற்பித்தல். 1963 இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முறை என்று எங்களுக்கும் ஆசிரியர் பயிற்சியில் படிப்பித்தார்கள். ஆனால் எங்களிடம் கமெரா இருக்கவில்லை. நீ அந்த வீடியோவை இரண்டு தரம் பார். முதல் தரம் சத்தத்தை நிற்பாட்டிவிட்டுப் பார். முகம் பலகையிலா பிள்ளைகளிலா என்பது சத்தமில்லாமல்தான் தெரியும்.

முதல் வகுப்பெடுத்தபோது எனக்கு ஒரு நாள் பயிற்சிகூட இருக்கவில்லை. 1997, மல்லாவிப் பக்கம். சண்டையால் கிளிநொச்சியை விட்டு வந்த சனம் முழுக்க அங்கேதான். பள்ளிக்கூடத்துக்குள் இடம் காணாமல் மரத்தின் கீழும் வகுப்பு நடந்தது. நான் உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். தொண்டர் ஆசிரியர் தேவை என்று அதிபர் ஆள் அனுப்பினார். அடுத்த நாள் காலை ஒன்பதாம் ஆண்டுக்கு முன்னால் நிற்கிறேன். கரியும் கோவையிலைச் சாறும் பூசிய பலகை, நகமளவு சோக்குத் துண்டு. எக்ஸ் சக 3, அதாவது எக்ஸோடு 3 ஐக் கூட்டி, முழுவதின் வர்க்கம். நாற்பது நிமிடமும் பலகையோடுதான் கதைத்தேன். கடைசியில் திரும்பி, "விளங்கினதா?" என்றேன். "ஓம் டீச்சர்" என்று ஒரே குரல். அடுத்த நாள் கொப்பிகளைத் திருத்தினால் முப்பத்தைந்து பேரில் நாலு பேருக்குத்தான் சரி. மற்ற எல்லாரும் எக்ஸ் வர்க்கம் சக 9 என்று எழுதியிருந்தார்கள். நடுவில் வரவேண்டிய 6 எக்ஸைக் காணவில்லை.

பலகையை விட்டுவிட்டு மண்ணில் தடியால் ஒரு சதுர வயல் கீறினேன். ஒரு பக்கம் எக்ஸ், அதை நீளத்திலும் அகலத்திலும் இன்னொரு 3 சேர்த்து நீட்டினேன். பெரிய துண்டு எக்ஸ் வர்க்கம், மூலையில் இருக்கிற சின்னத் துண்டு 9. "அப்ப வரம்போரமாகக் கிடக்கிற இந்த இரண்டு நீட்டுத் துண்டையும் ஆருக்கடா எழுதிக் குடுத்தனீங்கள்?" என்று கேட்டேன். கமக்காரன் பிள்ளைகள் அல்லவா, காணி போவதைப் பொறுப்பார்களா? அதன் பிறகு அந்த வகுப்பில் 6 எக்ஸ் தொலையவில்லை.

அன்றைக்குத் தொடங்கியதுதான் என் பிழைக் கொப்பி. பிள்ளைகள் விடுகிற பிழைகளைப் பெயர் போடாமல் எழுதி, ஏன் அப்படி நினைத்திருப்பார்கள் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுவேன். பாடக்குறிப்பைவிட அதுதான் எனக்கு உதவியது. நீயும் வகுப்புக்குப் போக முன் அன்றைய கணக்குகளைச் சரியாகச் செய்து பார்ப்பாய், அது தெரிந்ததே. அதோடு நிற்காதே. ஒருக்கால் பிழையாகவும் செய்து பார். எங்கே வழுக்கும், எந்தக் குறி தொலையும், பின்னத்தில் எதை வெட்டக்கூடாமல் வெட்டுவார்கள் என்று தேடு. நுண்கணிதம் படிக்க வருகிற பிள்ளையும் விழுவது ஒன்பதாம் ஆண்டுக் கிடங்கில்தான், அமெரிக்காவாக இருந்தாலும். பிழையை முன்பே கண்டவனுக்குத் தெரியாத கேள்வி வருவது குறைவு. வந்தால், "அடுத்த வகுப்பில் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு உண்மையாகவே அடுத்த வகுப்பில் சொல்லு.

அந்தக் கொப்பி 2009 இல் யுத்தத்தோடு போய்விட்டது. செட்டிகுளம் முகாமில் கூடாரத்துக்குள் வகுப்பு வைத்தபோது இன்னொரு கொப்பியில் ஞாபகத்திலிருந்து எழுதினேன். நீயும் அந்த வகுப்பில் இருந்தாய், எட்டு வயது. பிழைகள் எல்லாம் ஞாபகம் வந்தன. அந்தப் பிழைகளை விட்ட பிள்ளைகளில் எத்தனை பேர் எங்கே என்று எனக்குத் தெரியாது.

உன் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்று பயந்தாயே, அதற்கு வருகிறேன். இதை உனக்கு இதுவரை சொன்னதில்லை. மல்லாவி வகுப்பில் ஒரு பொடியன் இருந்தான். 77 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். ஒருநாள் அவனாகவே எழும்பி, "வெளங்கல டீச்சர்" என்றான். நம்மட பிள்ளைகள் "விளங்கேல்லை" என்றல்லவா சொல்வார்கள். வகுப்பு சிரித்தது. நானும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டேன், தம்பி. முழுச் சிரிப்பும் இல்லை, வாய் ஓரத்தில் ஒன்று. அந்தத் தவணை முடியும்வரை அவன் வாய் திறக்கவில்லை. விளங்கவில்லை என்று துணிந்து சொன்ன ஒரே பிள்ளை அவன்தான்.

உன் உச்சரிப்பைக் கேட்டு யாராவது சிரிக்கலாம். முதல் நாளே நேரே சொல்லிவிடு: "நான் சொல்வது விளங்காவிட்டால் கை உயர்த்துங்கள், எழுதிக் காட்டுகிறேன்." புதுச் சொல் வரும்போதெல்லாம் பலகையில் எழுது. ஆறுதலாகக் கதை. வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு துண்டுக் கடதாசி கொடுத்து, விளங்காததைப் பெயர் போடாமல் எழுதித் தரச் சொல்லு. உன்னைவிடப் பயந்துபோய் வாய் மூடி இருக்கிற ஒரு பிள்ளை உன் வகுப்பிலும் இருக்கும்.

கேள்வி கேட்டால் பொறுத்திரு. 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு ஒரு ஆசிரிய ஆலோசகர் வந்து என் வகுப்பின் பின்வாங்கில் மணிக்கூட்டோடு இருந்தார். முடிந்ததும், "டீச்சர், நீங்கள் கேட்ட கேள்விக்கு ஒரு செக்கன்கூடப் பொறுக்காமல் நீங்களே மறுமொழி சொல்லுறீங்கள்" என்றார். மேரி பட் ரோ என்ற அமெரிக்கப் பெண்மணி இதை 1970களிலேயே அளந்து பார்த்திருக்கிறார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு செக்கன் அளவுதான் பொறுக்கிறார்களாம். மூன்று செக்கனுக்கு மேல் பொறுத்தால் பிள்ளைகளின் மறுமொழி நீளுமாம், வழமையாகப் பேசாத பிள்ளைகளும் பேசுவார்களாம். எனக்கு வகுப்பில் அமைதி என்றால் ஆகாது, அதற்குக் காரணம் வேறு. கிபிர் விமானம் குண்டு போட வரும் நாட்களில் பிள்ளைகள் திடீரென்று அமைதியாகிக் காதை வானத்தில் வைப்பார்கள், அடுத்தது பங்கருக்கு ஓட்டம். அந்தப் பழக்கத்தில் எந்த அமைதியையும் வாயால் நிரப்பிவிடுவேன். உனக்கும் அது என்னிடமிருந்து வந்திருக்கலாம். மனதுக்குள் ஐந்து வரை எண்ணு.

திருத்துவது பற்றி ஒன்று. சாதாரண தரப் பரீட்சை விடைத்தாள் திருத்தப் போனால் முதலில் புள்ளித் திட்டத்தை எல்லாரும் கூடி இருந்து பார்ப்போம். பாதி வழி சரியாக வந்து விடை பிழைத்தால் எத்தனை புள்ளி என்பது அங்கே தீரும். உன்னைப் போல் இன்னும் சிலர் அதே பாடத்துக்கு வகுப்பெடுப்பார்கள். பிள்ளைகள் தாள்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆகவே பேராசிரியரிடம் முதலே கேள்: பாதிக்கு எவ்வளவு, பிந்திக் கொடுத்தால் என்ன, எதை நீயே தீர்மானிக்கலாம். பிறகு ஒருவரின் தாளை முழுதாகத் திருத்தாமல், எல்லாருடைய முதலாம் கணக்கையும் திருத்திவிட்டு இரண்டாவதுக்குப் போ. கை ஒரே அளவில் நிற்கும்.

அங்கே பிள்ளையின் புள்ளியைத் தாய் தகப்பன் கேட்டாலும் நீ சொல்லக்கூடாது, 1974 இலிருந்தே அப்படி ஒரு சட்டம் இருக்கிறது என்றாய். கேட்டுச் சிரிப்பு வந்தது. உன் புள்ளியைக் கேட்டு எத்தனை ஆசிரியர்மாரின் படலையில் நின்றிருப்பேன்! நல்ல சட்டம்தான், நான் அங்கே தாயாக இல்லாதவரை.

கிழமைக்கு 20 மணித்தியாலம் என்று உன் நியமனக் கடிதத்தில் இருந்தால் அதற்குள் நில். தொடக்கத்தில் ஒரு மணித்தியால வகுப்புக்கு ஆறு மணித்தியாலம் ஆயத்தம் செய்வாய், எனக்குத் தெரியும், நீ என் பிள்ளை. உன் ஆராய்ச்சி பட்டினி கிடக்கும்.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் உனக்காக ஒரு தேங்காய் உடைத்தேன். விபூதி சின்னப் பொட்டலத்தில் இருக்கிறது, மிளகாய்த்தூளோடு கலந்துவிடாதே. முதல் வகுப்பு முடிந்ததும் எடு, இங்கே எத்தனை மணியாக இருந்தாலும் பரவாயில்லை. அந்தப் பிள்ளைகள் என்ன பிழை விட்டார்கள் என்று சொல்லு. கொப்பியில் இன்னும் பக்கம் இருக்கிறது.

அன்புடன்
அம்மா