எல்லாப் பிள்ளைகளையும் பாட விடுங்கள், அண்ணே

பாஸ்டன் பக்கம், மாசாசூசெட்ஸ்
பிப்ரவரி மாதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? தைலம் தீர்ந்துவிட்டது என்று மதினி சொன்னார்கள். வரும்போது வாங்கி வருகிறேன்.

ராத்திரி முழுக்கப் பனி கொட்டியதால் இன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. விடியும் முன்பே போனில் தகவல் வந்துவிட்டது. இவர் மண்வாரியை எடுத்துக்கொண்டு வாசலில் பனி தள்ளப் போய்விட்டார். நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத எனக்கும் நேரம் கிடைத்தது. போனில் பேசினால் பாதி விட்டுப்போகும்.

உங்கள் பள்ளியில் கலைத் திருவிழாப் போட்டியின் குழுப்பாட்டுக்கு நன்றாகப் பாடுகிற பிள்ளைகளாகப் பொறுக்கி எடுத்துப் பழக்கப்போகிறேன், அங்கே எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். போட்டிக்கு அந்தப் பிள்ளைகள் போகட்டும், அது நல்லதுதான். ஆனால் மிச்சப் பிள்ளைகளை என்ன செய்யப்போகிறீர்கள் அண்ணே? எனக்கு மனசில் உறுத்துவது அதுதான்.

நான் வேலை பார்ப்பதும் உங்களுடையது மாதிரி நடுநிலைப்பள்ளிதான். ஆனால் இங்கே ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று வகுப்பு மட்டும். பதினொன்றிலிருந்து பதினாலு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகள். கணக்கு, அறிவியல் மாதிரி சங்கீதமும் கால அட்டவணையில் இருக்கிறது. சிலர் ஊதுகிற வாத்தியம், சிலர் வயலின், மற்றவர்கள் கூட்டுப்பாட்டு. கூட்டுப்பாட்டும், புதிதாக வயலின் எடுக்கிற ஆறாம் வகுப்பும் என் பொறுப்பு. குரல் பரீட்சை வைத்து யாரையும் வடிகட்டுவதில்லை. பெயர் கொடுத்த பிள்ளை பாட வேண்டியதுதான்.

இந்த வழக்கம் தானாக வந்துவிடவில்லை. லோவெல் மேசன் என்று ஒரு பாட்டு ஆசிரியர் இதே பாஸ்டனில் இருந்தார். பாட்டு ஏதோ சில பேருக்குக் கிடைத்த வரம் என்று ஊர் நினைத்திருந்த காலத்தில், எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடச் சொல்லிக்கொடுக்கலாம் என்று நம்பியவர். 1837-இல் ஒரு பள்ளியில் சம்பளம் வாங்காமல் வகுப்பு எடுத்துக் காட்டினார். அதைப் பார்த்துவிட்டு 1838-இல் பாஸ்டன் பள்ளிக் குழு சங்கீதத்தை ஒரு பாடமாகவே சேர்த்தது. நான் இன்றைக்கு இங்கே சம்பளம் வாங்குகிறேன் என்றால் அந்த மனுஷர் போட்ட பாதைதான்.

இந்த வயசுப் பிள்ளைகளிடம் முதல் பிரச்சினை கூச்சம். அது நம்ம ஊரிலும் உண்டு, இங்கேயும் உண்டு. அஞ்சாம் வகுப்பு வரை தொண்டை கிழியப் பாடிய பிள்ளை, ஏழாம் வகுப்பில் வாயை மட்டும் அசைக்கும். அதனால் யாரையும் தனியாக எழுப்பி நிறுத்திப் பாடச் சொல்ல மாட்டேன். வட்டமாக நிற்க வைத்து, முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொள்ளச் சொல்வேன். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, காது மட்டும் வேலை செய்யும். கொஞ்ச நாளில் சத்தம் தன்னால் வரும்.

இரண்டாவது பிரச்சினை மகரக்கட்டு உடைவது. இதைக் கொஞ்சம் விவரமாக எழுத வேண்டும், ஏனென்றால் நம்ம ஊரில் பையன்கள் பாட்டை விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயசு வாக்கில் பையனின் குரல்வளை வளர்கிறது. குரல்நாண் நீளமாகித் தடிக்கிறது. குரல் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு ச-விலிருந்து கீழ் ச வரை, இறங்கிவிடும். ஆனால் ஒரே நாளில் இறங்குவதில்லை, மாதக்கணக்கில் ஆகும். அதுவரை மேலே எட்டாது, கீழே பிடிப்பு இருக்காது, நடுவில் நாலைந்து சுரம்தான் நம்பிக்கையாக நிற்கும். பெண்பிள்ளைகளுக்கும் குரல் மாறும், காற்றுக் கலந்த மாதிரி கேட்கும். ஆனால் வெளியே பளிச்சென்று தெரியாது.

பையன் குரல் கெட்டுப்போனது, கர்ண கடூரமாகக் கத்துகிறான் என்று நாம் உட்கார வைத்துவிடுகிறோம். இங்கேயும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அப்புறம் இர்வின் கூப்பர் போன்ற ஆசிரியர்கள், பையனைப் பாட்டுக்கு ஏற்ப இழுக்காதே, அவன் குரலுக்கு ஏற்பப் பாட்டை எழுது என்று வற்புறுத்தினார்கள். இன்றைக்கு மாறுகிற குரலுக்கென்றே தனி வரிசை வைத்த கூட்டுப்பாட்டுகள் அச்சில் கிடைக்கின்றன.

என் ஏழாம் வகுப்பில் ஒரு பையன். உயரமாக வளர்ந்துவிட்டவன், பின்வரிசையில் தூணை ஒட்டி நிற்பான், உதடு அசையும், சத்தம் வராது. ஒருநாள் வகுப்பு முடிந்ததும் பியானோ பக்கத்தில் கூப்பிட்டேன். நான் எந்தச் சுரத்தையும் வாசிக்கவில்லை. “நீ ஏதாவது ஒரு சத்தம் கொடு, நான் அதைத் தேடிப் பிடிக்கிறேன்” என்றேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு ம்ம் என்றான். அந்த இடத்தைப் பியானோவில் கண்டுபிடித்து அங்கிருந்து ஒரு படி மேலே, ஒரு படி கீழே போனோம். நாலு சுரம் உருண்டையாக வந்தது. அஞ்சாவதற்குப் போனபோது குரல் பிளந்தது, காது வரைக்கும் சிவந்துபோனான். “இந்த நாலும் உன்னுடையது, இதற்குள் உனக்கு வரி எழுதித் தருகிறேன்” என்று சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு ராத்திரியே டிசம்பர் கச்சேரிப் பாட்டில் மூன்றே சுரத்தில் ஒரு வரி எழுதினேன். மற்றவர்கள் மேலே போய்வர, அது அடியில் நின்று தாங்கும். அதே நிலைமையில் இருந்த இன்னும் சில பையன்கள் அவனோடு சேர்ந்துகொண்டார்கள். கச்சேரியில் அந்த வரி வந்தபோது அரங்கமே கனத்தது அண்ணே. இவர்கள் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் பாட்டுக்குத்தானே நஷ்டம்.

வயலின் வகுப்பு இன்னொரு சந்தோஷம். இங்கே நின்றோ நாற்காலியில் உட்கார்ந்தோ தோளில் வைத்து வாசிப்பார்கள். நான் தரையில் உட்கார்ந்து, வயலின் தலையைக் கணுக்காலில் சாய்த்து வாசித்துக் காட்டியதும் பிள்ளைகள் எல்லாரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த இந்த வாத்தியத்தை நம்ம சங்கீதத்துக்குப் பழக்கிய பாலுசாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் இருந்தவர் என்று சொல்லி, வரைபடத்தில் எட்டயபுரத்தைக் காட்டினேன். பக்கத்திலேயே நம்ம ஊரையும் காட்டினேன்.

தாளத்தில் எனக்கு ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. இங்கே பல ஆசிரியர்கள் தாளத்தைத் தகதிமி சொல்லித்தான் நடத்துகிறார்கள்! நம்ம மிருதங்கச் சொற்கட்டிலிருந்து எடுத்து, 1996-இல் மூன்று அமெரிக்க ஆசிரியர்கள் முறையாக எழுதி வெளியிட்டது. ஒரு தட்டை இரண்டாகப் பிரித்தால் த தி, மூன்றாகப் பிரித்தால் தகிட, நாலாகப் பிரித்தால் தகதிமி. கோயில் கொடைத் திருவிழாவில் தவில்காரர் பக்கத்தில் நின்று கேட்டு வளர்ந்தவளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு சுலபம்!

சரி, உங்கள் பள்ளிக்கு வருகிறேன். வாத்தியம் இல்லை, பாட்டு ஆசிரியர் இல்லை என்று சொன்னீர்கள். ஒன்றும் வேண்டாம். ஹங்கேரியில் கோடாய் என்ற இசையமைப்பாளர் பள்ளிப் பிள்ளைகளுக்காக வகுத்த வழியில் குரல்தான் முதல் வாத்தியம். முதலில் இரண்டே சுரம். நம் கணக்கில் சொன்னால் ப, க. இரண்டும் பிடிபட்ட பிறகு த. அப்புறம் ரி, ச. ஐந்தையும் சேர்த்தால் என்ன வருகிறது பாருங்கள், மோகன ராகம்! மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பிப்பது நம்ம மரபு, அது குருவுக்கு முன்னால் நாலைந்து பேர் உட்கார்ந்து படிக்க ஏற்றது. ஒரு வகுப்புப் பிள்ளைகள் மொத்தமாகப் பாட மோகனம்தான் வாகு என்பது என் அபிப்பிராயம். அதில் அரைச்சுர நெருக்கம், அதாவது ஒன்றோடொன்று ஒட்டி நிற்கிற சுரங்கள், கிடையாது, பிள்ளைகள் தடுமாற மாட்டார்கள்.

அதுவும் உங்கள் பிள்ளைகளுக்கு மோகனம் புதுசே இல்லை. தினமும் காலையில் பாடுகிற தமிழ்த்தாய் வாழ்த்து மோகனம்தான், எம்.எஸ்.விஸ்வநாதன் போட்ட மெட்டு, மூன்று மூன்றாக எண்ணுகிற திஸ்ர நடை. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் பெயரில் பல்கலைக்கழகமே நடக்கிற திருநெல்வேலி ஜில்லா நம்முடையது, அவர் எழுதிய பாட்டிலிருந்தே தொடங்கலாம். ஆனால் ஒரு காரியம் செய்யுங்கள். மைக் முன்னால் நிற்கிற பெண்பிள்ளைகள் தங்களுக்கு வசதியான ஐந்து, ஐந்தரைக் கட்டை என்கிற உயரமான சுருதியில் எடுத்தால் எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு அது எட்டாது. அவர்கள் சும்மா நிற்பதற்குக் காரணம் அடங்காத்தனம் இல்லை. சுருதியைக் கொஞ்சம் இறக்கிக் கொடுத்துப் பாருங்கள். சுருதிப்பெட்டி போனிலேயே கிடைக்கிறது.

சுரத்துக்குக் கையால் சைகை காட்டலாம். ச என்றால் மூடிய கை, இடுப்பு உயரத்தில். க என்றால் உள்ளங்கை கீழே பார்க்கப் படுக்கைவசம். ப என்றால் உள்ளங்கை நெஞ்சைப் பார்த்து. கை மேலே போனால் சுரமும் மேலே. கரும்பலகைகூட வேண்டாம். பின்பெஞ்சுப் பிள்ளை பாடாவிட்டாலும் கை காட்டும், கை காட்டுகிற பிள்ளை சீக்கிரம் பாடும்.

குரல் உடைந்த பையன்களுக்கு வில்லுப்பாட்டுப் பின்பாட்டு கொடுங்கள். புலவர் கதை சொல்லச் சொல்ல, ‘ஆமா’ போடுகிற வேலைக்கு இரண்டு மூன்று சுரம் போதும், குரலும் கனமாக இருக்க வேண்டும். சுடலைமாடன் கொடையில் அதைக் கேட்காத பிள்ளை நம்ம பக்கத்தில் உண்டா? குடமும் உடுக்கும் யார் வீட்டிலாவது இருக்கும். ஆறுமாதம் ஆன பிறகு அந்தப் பையன்களின் குரலை மறுபடி பாருங்கள், இடம் மாறியிருக்கும், வரியையும் மாற்றிக்கொடுங்கள்.

நன்றாகப் பாடுகிற பிள்ளை யாராவது தட்டுப்பட்டால் திருநெல்வேலி அரசு இசைப்பள்ளியைப் பற்றி அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள். நாகஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம் பிறந்து வாசித்த மண். இங்கிருந்து அவர் நாகஸ்வரத்தைப் போனில் கேட்கிறபோதெல்லாம், அவர் ஊரிலிருந்து நாலு மைல் தள்ளி இருக்கிற நம்ம பள்ளியில் ஒரு பாட்டு வகுப்பு இல்லையே என்று மனசு அடித்துக்கொள்கிறது. இங்கேயும் எல்லாம் சுகம் என்று நினைக்க வேண்டாம். பணம் குறைந்தால் முதலில் கை வைப்பது சங்கீதத்தில்தான். அப்போது பெற்றோர்கள் கூட்டத்துக்கு வந்து பேசுகிறார்கள், விட்டுக்கொடுப்பதில்லை. பிள்ளைகள் எல்லாரும் பாடினால்தான் அப்படிப் பேச எல்லா வீட்டிலும் ஆள் இருக்கும்.

ஜூன் கடைசியில் பள்ளி விடுமுறை. ஆனித் தேருக்கு வந்துவிடுவோம். அப்போது உங்கள் பள்ளியும் திறந்திருக்கும், காலையில் ஒரு மணி நேரம் ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்பையும் எனக்குக் கொடுங்கள். ஒரு பிள்ளையையும் வெளியே நிறுத்தாதீர்கள். அதற்கு முன்னால் காலைப் பிரார்த்தனையை ஒருநாள் போனில் பதிவு செய்து அனுப்புங்கள், பிள்ளைகள் எந்தக் கட்டையில் பாடுகிறார்கள் என்று கேட்டுச் சொல்கிறேன்.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன்.

உங்கள் அன்புத் தங்கை