அமெரிக்காவில் எடிசன் ஊரில் இருக்கிற மகனுக்கு

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை. கொல்லை முருங்கை காய்த்துத் தள்ளுகிறது, பறித்துத் தின்னத்தான் ஆள் இல்லை.

போனிலேயே சொல்லக்கூடாதா, கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீ என்னோடு பேசுவதே காரில் போகும்போதுதான். நான் விஷயத்துக்கு வருவதற்குள் உனக்கு ஆபீஸ் வந்துவிடுகிறது. டெலிபோனைப் பற்றி டெலிபோனில் பேச முடியவில்லையே என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

யாழினிக்குப் பள்ளிக்கூடத்தில் டெலிபோன் வரலாறு பற்றிப் பேச வேண்டும், அப்பாயி எக்ஸ்சேஞ்சில் இருந்தவள்தானே, பார்த்துச் சொல்லட்டும் என்று பழைய படங்கள் அனுப்பினாயே, எல்லாவற்றையும் நாலு மத்தியானமாக உட்கார்ந்து பார்த்தேன். அப்பாவும் உட்கார்ந்தார். இரண்டாவது படத்திலேயே குறட்டை.

முதலில் எனக்குப் பிடித்ததைச் சொல்கிறேன். கலிபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ என்ற ஊருக்கு டயல் போன் வரப்போகிறது என்று 1927-இல் எடுத்த துண்டுப் படம். ஊர் டயலுக்கு மாறுவதற்கு முன்னால் சினிமாக் கொட்டகையில் இதைப் போட்டுக் காட்டுவார்களாம். எண்ணை டைரக்டரியில் பார், ரிசீவரை எடு, டயல் டோன் வருகிறதா என்று கேள், பிறகு சுற்று. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அது பேசாத படம்! காதால் கேட்க வேண்டிய ஒன்றை, சத்தமே இல்லாத படத்தில் எழுத்துப் போட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அத்தனை வருஷமாக ரிசீவரை எடுத்ததும் ஒரு பெண் குரல் “நம்பர் ப்ளீஸ்” என்று கேட்டுப் பழகின ஜனங்கள். இனிமேல் உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள், ஒரு ரீங்காரம்தான் இருக்கும், பயந்துவிடாதே என்று சொல்ல ஒரு படம் தேவைப்பட்டிருக்கிறது.

யாழினிக்கு ஏற்றது பொம்மலாட்டப் படம். 1940-களின் கடைசியில் பில் பேர்ட் என்பவருடைய பொம்மைகளை வைத்து, பிள்ளைகளுக்குப் போன் பேசும் முறை சொல்லிக்கொடுக்க எடுத்தது. பெயர் ‘அட்வென்ச்சர் இன் டெலிசோனியா’. பெல் கம்பெனிக்காரர்கள் இப்படிப் படம் எடுத்து, 16 மில்லிமீட்டர் பிரின்ட் போட்டு, பள்ளிக்கூடங்களுக்குக் காசு வாங்காமலே கொடுத்திருக்கிறார்கள். சூரியனைப் பற்றி, இரத்தத்தைப் பற்றி எல்லாம்கூட. நல்ல காரியம்தான். ஆனால் போனை விற்கிறவனே போனின் வரலாற்றையும் எழுதினால் என்ன ஆகும்? மாப்பிள்ளை வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வது போலத்தான் ஆகும்.

அதனால்தான் படத்துக்குப் படம் கிரகாம் பெல், கிரகாம் பெல். 1876 மார்ச் 10, பாஸ்டன், பக்கத்து அறையில் இருந்த உதவியாளர் வாட்சனை “இங்கே வாருங்கள், உங்களைப் பார்க்க வேண்டும்” என்று போனில் கூப்பிட்டது. துணியில் அமிலம் கொட்டியதால் கூப்பிட்டார் என்பது வாட்சன் வயதான காலத்தில் எழுதியது. பெல் அன்றைக்கு எழுதிய நோட்டுப் புத்தகத்தில் அமிலமே இல்லை. எலைஷா கிரே என்பவரும் அதே 1876 பிப்ரவரி 14 அன்று, பெல் மனுப் போட்ட அதே நாளில், இதே விஷயத்துக்குக் காப்புரிமை அலுவலகத்தில் தாள் கொடுத்திருக்கிறார். இத்தாலிக்காரர் மெயூச்சி, ஜெர்மனியில் ரைஸ் என்று முன்னாலேயே முயன்றவர்களும் உண்டு. மெயூச்சியின் உழைப்பைப் பாராட்டி 2002-இல்தான் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை ஒரு தீர்மானம் போட்டது. இதையெல்லாம் யாழினியை மனப்பாடம் செய்யச் சொல்லாதே. ஒருத்தர் அல்ல, பலர் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

ஆனால் எடிசனை விடக் கூடாது. நீ குடியிருக்கிற ஊருக்கே அவர் பெயர். அவர் வேலை பார்த்த மென்லோ பார்க் உங்கள் எடிசன் ஊருக்குள்ளேயேதான் இருக்கிறது. உச்சியில் பெரிய பல்பு வைத்த கோபுரம் என்று நீதானே போட்டோ அனுப்பினாய்? அங்கே போனால் எல்லோரும் பல்பைப் பற்றித்தான் சொல்வார்கள். நான் சொல்வது கரியைப் பற்றி. பெல்லின் கருவியில் மனுஷக் குரலே மின்சாரத்தை உண்டாக்க வேண்டும். குரலில் எவ்வளவு தெம்பு இருக்கும்? கத்தினாலும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரிதான் கேட்கும். எடிசன் 1877-இல் பேட்டரி மின்சாரத்தை ஒரு கரி வில்லை வழியாகப் போகவிட்டார். குரல் பட்டுக் கரி அழுந்தும்போது மின்சாரம் கூடும், தளரும்போது குறையும். குரல் இப்போது குதிரையை இழுக்க வேண்டாம், கடிவாளத்தைப் பிடித்தால் போதும். பிறகு ஹன்னிங்ஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் வில்லைக்குப் பதில் கரித்துகள் போட்டார்.

நீ பார்த்திருக்கிறாய் அந்தக் கரியை. நீ மூணாவது படிக்கும்போது நம் வீட்டுக் கறுப்புப் போனில் பேச்சுச் சரியாகப் போகவில்லை என்று லைன்மேன் வந்தார். அவர் ஒன்றையும் கழற்றவில்லை. ரிசீவரைத் திருப்பி, பேசுகிற பக்கத்தை உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டினார். “கார்பன் கட்டிப் போச்சுங்க” என்றார். துகள் இளகியது, குரல் வந்துவிட்டது. அதற்கப்புறம் நீ போன் நன்றாக இருக்கும்போதும் தட்டிக்கொண்டே திரிந்தாய். ‘ஹலோ’ என்ற வார்த்தையும் எடிசன் சொன்னதுதான். பெல் ‘அஹாய்’ என்று கப்பல்காரர்கள் மாதிரி கூப்பிடச் சொன்னார். நல்லவேளை.

இனி என் கட்சி. படங்களில் ஆபரேட்டர் பெண்கள் வருகிறார்கள். வரிசையாக, முதுகு நிமிர்ந்து, சிரித்த முகமாக. ஒருத்திக்கும் பெயர் இல்லை. முதலில் லைன்களை இணைக்கிற போர்டில் பையன்களைத்தான் உட்கார வைத்திருந்தார்கள். தந்தி ஆபீஸ் பையன்கள், சந்தாதாரரையே கெட்ட வார்த்தையால் திட்டுவார்களாம். 1878 செப்டம்பர் 1 அன்று பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள். முதல் பெண் ஆபரேட்டர் அவள்தான். முப்பத்துச் சொச்சம் வருஷம் பார்த்திருக்கிறாள். எனக்கு முப்பத்தாறு.

திட்டு என்றதும் ஒன்று நினைவு வருகிறது. நம் பக்கத்து வெற்றிலை வியாபாரி ஒருவர் பம்பாய்க்கு ட்ரங்க் கால், அதாவது ஆபரேட்டர் வழியாக வெளியூர்க் கால், போடுவார். அன்றைக்கு லைன் படுமோசம். இவர் பேசுவது அங்கே கேட்கவில்லை, அவர் பேசுவது இங்கே கேட்கவில்லை, நடுவில் இருக்கிற எனக்கு மட்டும் இரண்டும் கேட்கிறது. அப்படி இருந்தால் நாங்களே எடுத்துச் சொல்வோம். கவுளி என்ன விலை என்று பேரம். “அந்த விலைக்குக் கட்டாதாம்” என்று இந்தப் பக்கம் சொல்வேன், “போன வாரம் வந்த சரக்கு பாதி அழுகலாம்” என்று அந்தப் பக்கம் சொல்வேன். நம்மவர் ஒரு வார்த்தை சொன்னார் பார், காது கூசியது. நான் அதை மட்டும் விழுங்கிவிட்டு, “யோசித்துச் சொல்கிறாராம்” என்றேன். மூணு நிமிஷம் முடிந்து “எக்ஸ்டெண்ட் பண்ணவா?” என்று கேட்டபோது பம்பாய்க்காரர், “ரெண்டு பக்கமும் கேட்டீங்களே, நீங்களே ஒரு விலை சொல்லுங்கம்மா” என்றார். சொல்லியிருப்பேன். சூப்பர்வைசர் பின்னால் நின்றார்.

இந்த மாதிரி ஒன்று எந்தப் படத்திலும் இல்லை. 1919 ஏப்ரலில் பாஸ்டன் ஆபரேட்டர்கள் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து வந்ததும் இல்லை. ஜூலியா ஓ’கானர் என்ற பெண்தான் தலைவி. போர்க்காலம் என்று டெலிபோன் அப்போது அரசாங்கத்தின் கையில், தபால் துறைக்குக் கீழே இருந்தது. நியூ இங்கிலாந்து முழுக்கப் போன் ஊமையாகிவிட்டது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்துக் கூப்பிட்டுக்கொண்டார்கள். எங்கள் சங்கத்துக்காரர்கள் யாரும் எங்களுக்கு இதைச் சொன்னதில்லை. இந்த எழுபது தாண்டிய வயதில் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஆபரேட்டர் இல்லாத எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்த கதையை யாழினிக்கு நீயே சொல், நன்றாகச் சிரிப்பாள். கான்சாஸ் சிட்டியில் அல்மன் ஸ்ட்ரோஜர் என்று ஒருவர், சவ அடக்கம் செய்து கொடுக்கும் தொழில். இன்னொரு சவ அடக்கக்காரரின் மனைவி எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். சாவு விழுந்த வீட்டிலிருந்து வருகிற கால் எல்லாவற்றையும் அவள் புருஷனுக்கே திருப்பிவிடுகிறாள் என்று இவருக்குக் கோபம். அந்தக் கோபத்தில் ஆபரேட்டரே வேண்டாம் என்று ஒரு இயந்திரம் செய்தார் என்பார்கள். கதை எவ்வளவு நிஜமோ, 1891-இல் அவர் காப்புரிமை வாங்கியது நிஜம், அடுத்த வருஷம் இண்டியானாவில் லா போர்ட் என்ற ஊரில் அந்த எக்ஸ்சேஞ்ச் திறந்தது நிஜம். பெண் இல்லாத, வசவு இல்லாத போன் என்று அதற்கு விளம்பரம் வேறு. வசவை நிறுத்தத்தான் பெண்களைக் கொண்டுவந்தார்கள், இப்போது இரண்டையும் ஒரே மூச்சில் துரத்துகிறார்கள்! பெல் கம்பெனி ஏறக்குறைய முப்பது வருஷம் இதைத் தள்ளியே வைத்திருந்தது. பெரிய அளவில் எடுத்துக்கொண்டது 1919-லிருந்துதான். வருஷத்தைக் கவனித்தாயா? என் சந்தேகம் எனக்கு.

அந்த ஸ்ட்ரோஜர் சுவிட்சைப் பற்றி 1951-இல் எடுத்த படமும் நீ அனுப்பியதில் இருந்தது. அதை மட்டும் மூன்று தடவை பார்த்தேன். எங்கள் எக்ஸ்சேஞ்சில் மாடியில் நாங்கள், கீழே அதே சுவிட்சுகள் அடுக்கிய ராக்குகள். நீ 4 சுற்றினால் டயல் திரும்பி வரும்போது நாலு துடிப்பு போகும், சுவிட்சின் தண்டு நாலு படி ஏறும். அடுத்து 7 சுற்றினால் ஏழு படி பக்கவாட்டில் திரும்பும். மேலே பத்து, பக்கத்தில் பத்து, ஒரு சுவிட்சில் நூறு இடம். விடியற்காலையில் இரண்டொரு சொட்டு மாதிரி டக் டக் என்று கேட்கும். பத்து மணிக்குக் கடைகள் திறந்துவிட்டால் தகரக் கொட்டகையில் கல்மழை. கடிகாரம் பார்க்காமலே மணி சொல்வேன். படத்தில் பின்னணி வாசிப்பவர் பேசிக்கொண்டே இருந்ததால் சத்தம் சரியாகக் கேட்கவில்லை. அந்த ஆள் கொஞ்சம் வாயை மூடியிருக்கலாம்.

உங்கள் நியூ ஜெர்சியில் எங்கிள்வுட் என்ற ஊரிலிருந்துதான் 1951 நவம்பர் 10 அன்று, ஆபரேட்டர் இல்லாமல், ஒரு மேயர் கலிபோர்னியாவில் இன்னொரு மேயருக்கு நேரே டயல் செய்தார். 18 விநாடியில் லைன் கிடைத்தது. அதற்கு முன்னால் 1915-இல் நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு முதல் லைன் திறந்தபோது மூணு நிமிஷத்துக்கு 20 டாலர் 70 சென்ட். பெல் பழைய வாசகத்தையே சொல்லி வாட்சனைக் கூப்பிட, வரவேண்டுமானால் ஒரு வாரம் ஆகுமே என்றாராம் வாட்சன். நம் நாட்டில் வெளியூருக்கு நேரே டயல் செய்யும் எஸ்.டி.டி. 1960-இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் நடுவில் வந்தது. நம் ஊருக்கு வந்தபோது நீ கைக்குழந்தை. அன்று சாயங்கால ஷிப்டில் போர்டில் விளக்கு எரிவது பாதியாகக் குறைந்தது. நாங்கள் முறுக்கு சாப்பிட்டோம்.

டிசம்பரில் வரும்போது யாழினிக்குப் பரணிலிருக்கிற கறுப்புப் போனை இறக்கி வைக்கிறேன். லைன் இல்லாவிட்டால் என்ன, டயல் சுற்றும். விரலை விட்டு நிறுத்தம் வரை இழுத்து எடுத்துவிடச் சொல், திரும்பி வரும்போது பிடித்துத் தள்ளக் கூடாது. அது தன் வேகத்தில், விநாடிக்குப் பத்து துடிப்பாகத் திரும்ப வேண்டும். அவசரப்படுத்தினால் எண் மாறிப்போகும். 0 போட்டால் பத்து எண்ணலாம்.

மீனாவுக்கு மாவடு ஒரு பாட்டில் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டாத நேரமாகப் பார்த்துக் கூப்பிடு. வீடியோ வேண்டாம், உன் மூக்கும் மேல்விட்டமும்தான் தெரிகிறது.

அன்புடன்,
அம்மா

பி.கு. அப்பா எழுந்துவிட்டார். படம் முடிந்துவிட்டதா என்று கேட்கிறார்.