தாது வருஷப் பஞ்சத்தில் செத்தவர்களுக்கு ஒரு கல் நடுங்கள்

தமிழ்நாடு அரசுக்கு வணக்கம்.

1876-78-ல் வந்த தாது வருஷப் பஞ்சம் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அதில் செத்தவர்களுக்கு பக்கிங்காம் கால்வாய்க் கரையில் ஒரு நினைவுச் சின்னம் வையுங்கள் என்று கேட்டு அனுப்பிய மனுவுக்கு, உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று ஒரே வரியில் பதில் வந்தது. எந்தத் துறை என்றுகூட அதில் இல்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கால்வாயை ஏன் கேட்கிறேன் என்றால், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற சுமார் எட்டு கிலோமீட்டர் 1877-78-ல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. கஞ்சிக்கு வழியில்லாமல் வந்த சனங்கள் வெட்டியது. பேர் மட்டும் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவுடையது.

அப்போது நிவாரண வேலைக்கு என்ன கூலி தெரியுமா? 1877 தொடக்கத்தில் வைசிராய் லிட்டன் அனுப்பி வைத்த அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள், ஓர் ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று குறைத்துவிட்டார். ஒரு பவுண்டு அரைக் கிலோகூட வராது. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு. ஏற்கனவே எலும்பும் தோலுமாக வந்தவர்கள் அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும், கூடை சுமக்க வேண்டும். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், அவரும் வெள்ளைக்காரர்தான், இந்தக் கூலியில் ஆள் பிழைக்க முடியாது என்று சண்டை போட்டார். சில மாதம் கழித்துத்தான் கூட்டிக் கொடுத்தார்கள். அந்தச் சில மாதத்தில் போன உயிர்களுக்கு யார் பொறுப்பு? இங்கே இப்படி இருக்க, 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவித்து தர்பார் நடத்தினார் லிட்டன். தானியம் இங்கிலாந்துக்குக் கப்பலேறுவதும் நிற்கவில்லை. தென்னிந்தியாவை மையமாகக் கொண்ட இந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள், குறைந்த மதிப்பீட்டிலேயே 50 லட்சத்துக்கு மேல்.

இத்தனை பேருக்கு ஒரு கல்கூட வைக்க மனம் வராதா? ஆநிரை மீட்கச் செத்தவனுக்கே நடுகல் நட்ட ஊர் இது. கவர்னராக இருந்த மன்றோ இன்றும் தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். அயர்லாந்துக்காரர்கள் தங்கள் பஞ்சத்துக்கு டப்ளினில் ஆற்றங்கரையிலேயே சிலைகள் வைத்திருக்கிறார்கள். நம் பஞ்சத்தில் ஹூப்பர் என்ற வெள்ளைக்காரர் எடுத்த புகைப்படங்களை இன்று நம் ஆட்களே வங்கப் பஞ்சம் என்று போட்டுப் பகிர்கிறார்கள், பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. கால்வாயோ பறக்கும் ரயில் தூண்களுக்கு அடியில் சாக்கடையாக ஓடுகிறது. அதைச் சுத்தம் செய்வதாக எத்தனை முறை கேட்டுவிட்டோம்!

சரி, அது தனிக் கதை. இப்போது கேட்பது ஒன்றே ஒன்றுதான். சேப்பாக்கத்துக்கும் மந்தைவெளிக்கும் நடுவில், கால்வாய்க் கரையில், போகிறவர் வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி ஓர் இடம் ஒதுக்கி நினைவுச் சின்னம் வையுங்கள். யார் வெட்டினார்கள், என்ன கூலிக்கு வெட்டினார்கள் என்று அதில் தமிழில் எழுதுங்கள். 2028-ல் அந்தப் பஞ்சம் முடிந்து 150 ஆண்டு ஆகிறது. அதற்குள் இதைச் செய்து தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.